நாற்பத்தொன்பது சதவீதம்

கேள்வி: எங்கள் ஊர் வாரப் பத்திரிகை ஆசிரியர், கோயில் திருப்பணிக் கமிட்டிக்குப் பொருளாளர். தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று தன் பெயர் போட்டே எழுதுகிறார். செய்திப் பத்திரிகை நடத்துகிறவர் நூறு சதவீதம் நடுநிலையாக இருக்க வேண்டாமா?
- ஒரு வாசகர், பழனி

பதில்: நூறு சதவீதம் என்கிறீர்கள். இந்தச் சதவீதக் கணக்குக்காகவே ஓர் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் மேல் வாரண்ட் பிறந்திருக்கிறது. ஊர் எம்போரியா, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம். பத்திரிகை 'எம்போரியா கெஸட்'. ஆசிரியர், உரிமையாளர் இரண்டும் வில்லியம் ஆலன் ஒயிட்.

1922 ஜூலையில் அந்த நாடு முழுக்க ரயில்வே பணிமனைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். எம்போரியா, சான்டா ஃபே ரயில்வே போகிற ஊர். 'தொழிலாளர் பக்கம் நாங்கள் நூறு சதவீதம்' என்று கடைக்காரர்கள் கண்ணாடியில் அட்டை மாட்டினார்கள். அட்டை மாட்டுவதும் மறியல்தான், குற்றம்தான் என்றார் ஆளுநர் ஹென்றி ஆலன். அவர் ஒயிட்டுக்கு நெடுநாள் சிநேகிதர். ஒயிட் தன் அலுவலக ஜன்னலில் அதே அட்டையை மாட்டினார், நூறு இருந்த இடத்தில் 49 என்று போட்டு. வன்முறை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சதவீதம் கூட்டிக்கொண்டே போவதாகவும் எழுதினார்.

49 என்ற எண்ணைக் கவனியுங்கள். தொழிலாளர் கோரிக்கையில் பாதிக்கு மேல் அவருக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் அட்டை மாட்டும் உரிமைக்காக நின்றார். சிநேகிதர் வாரண்ட் போட்டார். 'கவலைப்படும் நண்பருக்கு' என்று ஒயிட் பேச்சுரிமை பற்றித் தலையங்கம் எழுதினார். வழக்கு கைவிடப்பட்டது, தலையங்கத்துக்கு 1923-இல், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. நடுநிலை என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. என்ன நினைக்கிறோம், எவ்வளவு நினைக்கிறோம் என்று அளந்து சொன்னதுதான் அவருடைய நேர்மை.

அவர் பின்னணியும் ஒளிவுமறைவு இல்லாதது. 1868-இல் அதே எம்போரியாவில் பிறந்தவர். அப்பா டாக்டர், டெமாக்ரடிக் கட்சி, அம்மா ரிபப்ளிகன். ஒரே வீட்டில் இரண்டு கட்சி. கான்சஸ் சிட்டியில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு, 1895-இல் 3,000 டாலர் கடன் புரட்டி கெஸட்டை வாங்கினார். பொறுப்பேற்றதும் எழுதிய முதல் தலையங்கத்திலேயே, தான் ரிபப்ளிகன், அந்தக் கட்சி வேட்பாளர்களைத்தான் ஆதரிப்பேன், கட்சியை விட்டு ஓடமாட்டேன், ஆனால் அரசியல் என்பது வாழ்க்கையில் மிகச் சிறிய பகுதி என்று எழுதினார். 1912-இல் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பின்னால் கட்சியை விட்டுப் போகவும் செய்தார். அன்றைக்குச் சொன்ன சொல் அச்சில் இருந்ததால் ஊரில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக் காட்டிச் சட்டையைப் பிடித்துக் கேட்க முடிந்தது. சொல்லாமல் மனசுக்குள் வைத்திருப்பவரை எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

1924-இல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் கான்சஸில் தலை விரித்து ஆடியது. இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் அதைக் கண்டித்து வாய் திறக்கவில்லை என்று ஒயிட்டே சுயேச்சையாக ஆளுநர் பதவிக்கு நின்றார். மூன்றாவதாக வந்தார், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஓட்டு. வேட்பாளரே ஆசிரியர் என்றால் செய்தி கெடாதா என்பீர்கள். கெடும், எங்கே கெடும் என்று தெரியாவிட்டால்.

உங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். அவர் கட்சி எனக்கு உறுத்தவில்லை. பொருளாளர் பதவிதான் உறுத்துகிறது. ஓட்டைப் பற்றிய கருத்து வாசகர் கண் முன்னால் இருக்கிறது, பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பலாம். வசூல் கணக்கு அப்படி இல்லை. திருப்பணிச் செய்தியை அவரே எழுதினால் ரசீதுப் புத்தகம் எத்தனை அச்சடித்தது, எத்தனை திரும்பி வந்தது என்ற கேள்வி யாருக்கும் தோன்றாது. பொய் சொல்லி இது நடப்பதில்லை. பதில் தெரிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அங்கேதான் செய்தி கெடுகிறது.

இதற்கு மருந்து பதவி விலகல் மட்டும் இல்லை. கோயில் செய்தியை நிருபர் எழுதட்டும், உதவி ஆசிரியர் பார்த்து முடிக்கட்டும், ஆசிரியர் அந்தப் புரூஃபைத் தொடக்கூடாது. நிருபர் தன் ஆசிரியரிடமே போய், மற்ற கமிட்டிக்காரர்களிடம் கேட்பதுபோலவே வரவு, செலவு, கொட்டேஷன் கேட்டு, அவர் சொன்னதை அவர் பெயரில் போடட்டும். செய்தியின் கடைசி வரியில், அதே எழுத்து அளவில், 'இப்பத்திரிகையின் ஆசிரியர் இக்கமிட்டியின் பொருளாளர்' என்று வரட்டும். பொடி எழுத்தில் போட்டால் போடாததற்குச் சமம். கும்பாபிஷேக விளம்பரம் வந்தால் அதற்குப் பக்கத்தில் கோயில் செய்தியை வைக்காதீர்கள். இரண்டும் ஒட்டி நின்றால் வாசகர் இரண்டையும் காசு கொடுத்துப் போட்டதாகத்தான் படிப்பார்.

பொடி எழுத்து என்றதும் இந்தப் பக்கத்தின் பழைய வழக்கைத் திரும்ப எடுக்கிறேன். பத்திரிகையின் அடியில் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் போடும் வரியை யாரும் படிப்பதில்லை. நம் நாட்டின் 1867-ஆம் ஆண்டு அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு பிரதியிலும் உரிமையாளர், ஆசிரியர் பெயர் தெளிவாக இருக்கவேண்டும் என்றது. அந்தச் சட்டம் இருந்தவரை பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் படிவம் 4 வந்தது. மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் யார் யார் என்று அதில் இருக்கும். 2024 மார்ச் 1 முதல் புதுச் சட்டம். வீட்டில் பழைய மார்ச் மாத இதழ் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் யாருடைய ஆள் என்று டீக்கடையில் விசாரிப்பதைவிட அந்தக் கட்டம் உருப்படியானது.

செய்தியில் வரும் 'கூறப்படுகிறது' என்ற சொல்லின் மீதும் இந்தப் பக்கத்துக்குத் தீராத பகை. கூறியது யார்? பேர் கிடைக்கவில்லை என்றால் செய்தி இன்னும் வேகவில்லை.

ஒயிட் தன் மகள் சாவுச் செய்தியில் செய்ததைச் சொல்கிறேன். 1921 மே மாதம் பதினாறு வயது மேரி இறந்தாள். குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாகச் செய்தி நிறுவனம் அனுப்பியது. அப்பா அதைத் திருத்தி எழுதினார். குதிரை மேல் போய்க்கொண்டிருந்தவள், எதிரே வந்த பள்ளித் தோழனுக்குக் கை காட்டினாள். அவன் கெஸட் போடும் பையன். கடிவாளம் பிடித்த கையாலேயே காட்டிவிட்டாள். கடிவாளம் இழுபடக் குதிரை சட்டென்று ஒதுங்கி, தாழ்ந்து தொங்கிய மரக்கிளைக்கு நேரே கொண்டுபோய்விட்டது. திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் தலையில் அடி. விழவில்லை, இறங்கித் தள்ளாடி மயங்கினாள். குதிரையைப் பழக்கத் தெரிந்த பெண் விழுந்தாள் என்று எழுதினால் அவளே சிரிப்பாள் என்பது அவர் வாதம். பள்ளியில் கறுப்பின மாணவிகளுக்கு ஓய்வறை கேட்டு அவள் அதிகாரிகளை நச்சரித்ததையும் சேர்த்தார். துக்கத்திலும் எந்தக் கை என்று எழுதினார்.

நம் ஊர்ப் பத்திரிகைகளின் இரங்கல் செய்தியில் 'இறுதிச் சடங்கு நாளை' என்று வருகிறது. இரவு எழுதும்போது நாளை, காலையில் படிக்கும்போது இன்று. மாலை போட வந்தவர் ஒரு நாள் தள்ளி வருகிறார். கிழமை, தேதி, மணி மூன்றையும் போடுங்கள். வீட்டுக்கு ஒரு முறை போன் செய்து இனிஷியலைச் சரிபாருங்கள். ஒரே தெருவில் இரண்டு எஸ். முருகேசன் இருப்பார்கள், ஒருவர் காலையில் காப்பி குடித்துக்கொண்டே தன் பெயரைப் படிப்பார்.