கை வீங்கி வரும் தம்பியிடம் என்ன கேட்பது? ஓபியாய்டு போதை: கேள்வி பதில்

அரசு மருத்துவர்கள், செவிலியர்களுக்கு ஓபியாய்டு (மார்பின் போல வேலை செய்யும் வலி மருந்து வகை) போதைச் சிகிச்சையில் பயிற்சி தரும் மனநல மருத்துவர் பதில் சொல்கிறார்.

கே: முழங்கை மடிப்பில் சீழ் கட்டி வாரத்துக்கு ஒரு பையனாவது வருகிறான். கேட்டால் "கீழே விழுந்துட்டேன் டாக்டர்" என்கிறான். எப்படிப் பேச்சை எடுப்பது? (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்)

"போதை ஊசி போடுறியா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் "இல்ல"தான் பதில். அதுவும் அப்பா பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். அவரை வெளியே உட்கார வையுங்கள். "வலி மாத்திரையைக் கரைச்சுப் போட்டியா தம்பி? திட்ட மாட்டேன். தெரிஞ்சாதான் புண்ணை ஆத்த முடியும்." இவ்வளவு போதும். பயிற்சியில் இதை ஒருவர் நோயாளியாக, ஒருவர் டாக்டராக நடிக்கச் சொல்வோம். பெரிய பெரிய ஸ்பெஷலிஸ்டுகளே மூன்றாவது வாக்கியத்தில் அறிவுரைக்குத் தாவிவிடுவார்கள்!

நம் ஊரில் இப்படிப் போடுவது பெரும்பாலும் டேபென்டடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை. அது விழுங்குகிற மாத்திரை. அதிலுள்ள டால்க் போன்ற கரையாத பொருள்கள் ரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரல் வரை போகும். சீழைக் கீறிக் கட்டுப் போட்டதோடு அனுப்பிவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை எழுதுங்கள். காய்ச்சல் விடாமல் அடித்தால் இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று எக்கோ பார்க்கச் சொல்லுங்கள்.

கே: நினைவில்லாமல் தூக்கி வருகிறார்கள். குடியா, மாத்திரையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஸ்டாஃப் நர்ஸ், இரவுப் பணி)

டார்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள் சிஸ்டர். கண்மணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு 12-க்கும் கீழே போய், உலுக்கினாலும் எழவில்லை என்றால் ஓபியாய்டு என்றே எடுத்துக்கொண்டு இறங்குங்கள். முதலில் அம்பு பேக்கால் (கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை) மூச்சு கொடுங்கள். அதன்பிறகு டியூட்டி டாக்டர் சொற்படி ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் ஊசி 0.4 மி.கி., நரம்பு கிடைக்காவிட்டால் தசையில். 2, 3 நிமிடத்தில் மூச்சு சீராகவில்லை என்றால் மறுபடியும். மூச்சு திரும்பினால் போதும், அவர் துள்ளி எழ வேண்டியதில்லை.

ஆபத்து இனிமேல்தான். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் வேகம் குறைந்துவிடும், உள்ளே போன போதை அதற்கு மேலும் நிற்கலாம். "நல்லாயிட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்பவரை அனுப்பினால் வழியிலேயே மூச்சு மறுபடி நிற்கலாம்.

கே: யூரின் கிட்டில் நெகடிவ். பையன் பொய் சொல்கிறானா? (லேப் டெக்னீஷியன்)

கிட்டின் குறை அது. சாதாரண ஓபியேட் கிட் மார்பின், கோடீன் வகையைத்தான் காட்டும். டேபென்டடால், ட்ராமடால் வலி மாத்திரைகளும், போதைச் சிகிச்சைக்கே கொடுக்கும் பியூப்ரெனார்பினும் அதில் சிக்காது.

கே: பியூப்ரெனார்பின் முதல் டோஸ் கொடுத்த அரை மணியில் ஒருவருக்கு வாந்தி, நடுக்கம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? (மாவட்ட மருத்துவமனை போதை மீட்புப் பிரிவு)

கொடுத்த நேரம் முந்திவிட்டது. உடம்பில் பழைய போதை இருக்கும்போதே கொடுத்தால், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு இது அந்த சீட்டில் உட்காரும். ஆனால் அவர் செய்த வேலையில் பாதிதான் செய்யும். அதனால் வித்ட்ராயல் (போதை குறையும்போது வரும் தொந்தரவு) ஒரேயடியாக வந்து அடிக்கும்.

கடைசியாக எடுத்து குறைந்தது 12 மணி நேரமாவது ஆகட்டும். உடம்பில் நெடுநேரம் நிற்கும் மெதடோன் என்ற ஓபியாய்டு எடுத்தவர் என்றால் இன்னும் கூடுதல். கொட்டாவி, மூக்கு ஒழுகல், புல்லரிப்பு, விரிந்த கண்மணி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வித்ட்ராயல் எவ்வளவு என்று அளக்கும், 11 அம்சங்கள் கொண்ட 'கவ்ஸ்' அளவுகோலில் மதிப்பெண் போட்டுவிட்டு, 2 மி.கி. நாக்கின் அடியில் வைத்து, பக்கத்திலேயே உட்காரவைத்துப் பாருங்கள்.

கே: 10 நாள் அட்மிட் செய்து உடம்பைச் சுத்தம் செய்தாயிற்று. பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது ஒரு போதைக்கு இன்னொரு போதை இல்லையா? (மூத்த மருத்துவர்)

எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார் சார். 10 நாளில் வித்ட்ராயல்தான் தீரும், ஏக்கம் தீராது. உடம்பின் தாங்கும் சக்தியோ சட்டென்று குறைந்திருக்கும். வெளியே போய்ப் பழைய அளவையே எடுப்பார், அந்த அளவே ஆளைக் கொல்லும். அதனால் பியூப்ரெனார்பினைத் தொடராமல் டிஸ்சார்ஜ் செய்வது, சேர்க்காமலே இருப்பதைவிட ஆபத்தாக முடியலாம். இதையும் மெதடோனையும் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005-லேயே சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் இதை எழுத மருத்துவர்கள் 8 மணி நேரப் பயிற்சி முடித்துத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அந்தத் தனி அனுமதியை எடுத்துவிட்டு, கட்டுப்பாட்டு மருந்து எழுதும் எல்லா மருத்துவர்களுக்கும் 2023 ஜூனிலிருந்து 8 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். நம் ஊருக்கும் அந்த யோசனை சரிப்படும் என்பது என் கருத்து.

கே: டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த வலி மாத்திரைகளைக் கேட்டு மிரட்டுகிறார்கள். என்ன செய்ய? (மெடிக்கல் ஷாப் மருந்தாளுநர்)

"ஸ்டாக் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள், கவுன்ட்டரில் வாக்குவாதம் வேண்டாம். மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவிக்கான இலவச எண்ணைக் கடையில் ஒட்டி வையுங்கள், வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள்.

கே: புற்றுநோயாளி ஒருவருக்கு மார்பின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. இவரையும் அடிமை என்று பதியலாமா? (வலி நிவாரணப் பிரிவு செவிலியர்)

வேண்டாம் சிஸ்டர். டாக்டர் சொன்னபடி எடுப்பவருக்கு அளவு கூடுவதும், நிறுத்தினால் தொந்தரவு வருவதும் அடிமைத்தனக் கணக்கில் சேராது. வலி கூடியிருக்கிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படியே மலச்சிக்கலுக்கு மருந்து எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். பல நேரம் விட்டுப்போவது அதுதான்.