மாத்திரைப் பையை ஒரு தட்டுல கொட்டிப் பாருங்க

கேள்வி: டாக்டர் மேடம், எங்க அம்மாவுக்கு 74 வயசு, ஊர்ல தனியா இருக்காங்க, சுகர் பிரஷர் ரெண்டும் உண்டு. ஆறு மாசத்துல ரெண்டு தடவை சுகர் இறங்கி மயங்கிட்டாங்க, தனியார் ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிச்சாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்குறாங்க, அப்புறமும் ஏன் இப்படி? இன்னும் பெரிய ஆஸ்பத்திரில காட்டலாமா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: பெரிய ஆஸ்பத்திரி இருக்கட்டும்மா, முதல்ல வீட்டுல இருக்குற மாத்திரை மொத்தத்தையும், தலகாணிக்கு அடியில இருக்குறது உட்பட, ஒரு தட்டுல கொட்டிப் பாருங்க. நான் அடிக்கடி பாக்குறது இதுதான்: டிஸ்சார்ஜ் சீட்டுல கம்பெனி பேர்ல ஒரு கிளிமிபிரைட் (சுகரைக் குறைக்குற மாத்திரை) இருக்கும், அந்த அக்கா கொடுக்குற அரசு மாத்திரையிலயும் அதே கிளிமிபிரைட் இருக்கும், அட்டை வேற கலர் வேறங்கிறதால அம்மா ரெண்டையும் முழுங்கிடுவாங்க, அன்னிக்குன்னு பாத்து சஷ்டி விரதம்னு சாப்பிடாமலும் இருந்துட்டா சுகர் 70க்குக் கீழ இறங்காம என்ன பண்ணும்? தட்டுல அதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடுங்கிற சுகர் மாத்திரை இருந்தா இன்னும் கவனம், அது உடம்புல ரொம்ப நேரம் வேலை செய்யும், கிட்னி கொஞ்சம் டல்லா இருந்தா இன்னும் அதிகம், அதனாலதான் வயசானவங்களுக்கு வேணாம்னு சொல்றோம். இந்த வகை மாத்திரையால சுகர் இறங்கினா குளுக்கோஸ் ஏத்தின பிறகும் மறுபடி இறங்கலாம், ஆஸ்பத்திரிலயே ஒரு நாளாவது வச்சுப் பாக்கணும், அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க.

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில இந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை ஆரம்பிச்சப்போ இதை மாத்திரை டெலிவரியா மட்டும் யோசிக்கல, ஆனா நம்ம ஜனங்க அப்படித்தான் நெனச்சுட்டாங்க. வர்ற அக்கா ஒரு தன்னார்வலர், பிரஷர் சுகர் பாப்பாங்க, டோஸை மாத்த அவங்களால முடியாது. அவங்களுக்குப் பின்னாடி துணை சுகாதார நிலையத்து நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், பிசியோதெரபிஸ்ட்னு ஒரு டீமே இருக்கு, ஆனா உங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்கன்னு யாராச்சும் சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்! டிஸ்சார்ஜ் சம்மரி பீரோல பட்டுப்புடவைக்கு அடியில பத்திரமா இருக்கும் (எல்லா வீட்டுலயும் அங்கதான்).

அதை எடுத்து அந்த அக்காகிட்ட காட்டுங்க, போட்டோ எடுத்து நர்ஸுக்கு அனுப்பச் சொல்லுங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அந்தத் தட்டுல இருக்குறதை அப்படியே பையில போட்டு அம்மாவையும் கூட்டிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைப் பாருங்க, எது வேணும் எது வேணாம்னு ஒரே சீட்டுல எழுதி வாங்குங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. மூணு மாச சராசரி சுகர் (HbA1c டெஸ்ட்) 6.5 வரணும்னு அடம் பிடிக்காதீங்க, தனியா இருக்குற அம்மாவுக்கு 8 வரைக்கும் இருந்தாலும் போதும்னு டாக்டர் முடிவு பண்ணலாம். மயங்கி விழுந்ததுல நடை தடுமாறுதுன்னா பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்க, அதுவும் இந்தத் திட்டத்துல இருக்கு, நெறைய பேர் கேக்குறதே இல்ல.

பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லி வைங்க: வேர்த்து கை நடுங்குது, ஆனா நெனவு இருக்குன்னா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் கொடுக்கணும், நெனவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108க்கு போன் பண்ணணும்.