இறங்காத ஆட்டக்காரன்

வணக்கம் அண்ணா,

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் மயாமி ஹீட் அணிக்கு ஆடிய உடோனிஸ் ஹாஸ்லெம் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். ஒரே அணியில் 20 சீசன் இருந்தார், கடைசி வருடங்களில் பெரும்பாலும் பெஞ்சில்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். உட்கார்ந்து சம்பளம் வாங்கியவரைப் புகழ என்ன இருக்கிறது?

கேட்பதற்குக் காரணம் உண்டு. என் தம்பி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து, அந்தத் துறையின் கூடைப்பந்து அணியில் இருக்கிறான். மூன்று வருடமாகிறது. கோவையில் டோர்னமென்ட் என்றால் குடும்பத்தோடு போவோம். அவன் தோளில் டவலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "ஏங்கண்ணு, உன்னைய எறக்கவே மாட்டாங்களா?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். அதிலிருந்து எங்களை வரவே வேண்டாம் என்கிறான். ஆட்டத்தை விட்டுவிட்டு டிபார்ட்மென்ட் பரீட்சைக்குப் படி என்று சொல்லலாமென்று இருக்கிறேன். சரிதானே?

ஆர், வேலந்தாவளம்

அன்புள்ள ஆர்,

பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள், அது சரி. ஆட்டத்தை விடச் சொல்வதுதான் இடிக்கிறது.

கல்லூரியில் நானும் இரண்டு வருடம் பெஞ்சில் இருந்தவன். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து சிமெண்ட் தரை, வலையில்லாத வளையம். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது தூரத்திலிருந்து எறிகிற பந்து ஒரு சாண் தள்ளிப் போகும். ஸ்கோர் ஷீட் பறக்காமல் கல் வைப்பது என் வேலை. ஒரு முறை கடைசி நான்கு நிமிடத்துக்கு இறக்கினார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்த முழங்கால், ஜில்லிட்ட விரல்கள். முதல் பாஸ் விரல்நுனியில் பட்டு வெளியே போனது. மறுபடி உட்கார வைத்துவிட்டார்கள். உடம்பு ஆறிய பிறகு, சூடாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே இறங்கி முதல் தொடுதலிலேயே சரியாகச் செய்வது தனி வித்தை. எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

என்பிஏவில் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஓர் அணி பங்கு போட்டுக்கொள்ள மொத்தம் 240 நிமிடம். பட்டியலில் 15 பேர் இருந்தாலும் கோச் நம்பி இறக்குவது எட்டு, ஒன்பது பேரைத்தான். மற்றவர்கள் எதற்கு? பயிற்சிக்கு! ஐந்துக்கு ஐந்து ஆட வேண்டுமென்றால் பத்துப் பேர் வேண்டுமே. நாளைக்கு எதிரணியில் ஓர் இடக்கைக்காரன் வருகிறான் என்றால், இன்றைக்குப் பயிற்சியில் அந்த இடக்கைக்காரனாக ஆடுவது ரிசர்வ் ஆட்டக்காரன். இது எந்த ஸ்கோர் ஷீட்டிலும் ஏறாது. அம்மா உட்கார்ந்திருக்கும் கேலரியிலிருந்தும் தெரியாது.

ஹாஸ்லெமுக்கு வருகிறேன். 2020-21 சீசன் முழுக்க அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அதிலும் மூன்று நிமிடம் ஆவதற்குள் சண்டை போட்டு வெளியேற்றப்பட்டார் (எனக்கு அவரைப் பிடித்துப்போக இதுவும் ஒரு காரணம்). ஆனால் 15 இடங்களில் ஒன்றை 2023 வரை அவருக்கென்றே அந்த அணி வைத்திருந்தது. சும்மா தர்மத்துக்கு யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். இளையவன் டிஃபென்ஸில் சோம்பினால் அந்த இடத்திலேயே சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதை கோச் சொன்னால் திட்டு, மூன்று கோப்பை ஜெயித்தவன் சொன்னால் வேறு.

எல்லா ரிசர்வுக்கும் அந்த மரியாதை கிடைக்காது. பல பேருடைய பிழைப்பு நம் ஊர் தினக்கூலி மாதிரிதான். ஜனவரி 5-க்கு மேல் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. பத்து நாள் வைத்துப் பார்ப்பார்கள், பிடித்தால் இன்னொரு பத்து. அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பஞ்சாப் கிராமத்திலிருந்து போன சத்னாம் சிங்கை, அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2015 தேர்வில், டல்லாஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அது முதல் முறை. ஆனால் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. பின்னால் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

ஆண்ட்ரே இங்ராம் கதை இன்னும் பிடிக்கும். பத்து வருடம் கீழ்நிலை லீக்கில் ஆடினார். அந்தச் சம்பளம் போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். 2018 ஏப்ரலில், சீசன் முடிய இரண்டே ஆட்டம் இருக்கும்போது என்பிஏவின் லேக்கர்ஸ் அணி கூப்பிட்டது. 32 வயது, தலையில் நரை. அன்றைக்கு 19 புள்ளி எடுத்தார். லேக்கர்ஸ் தோற்றது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

உங்கள் தம்பியின் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். வேலை போகாது, மாதம் பிறந்தால் சம்பளம். களம்தான் இல்லை. முப்பத்திரண்டு, முப்பத்தைந்து வயதில் பந்தை வாங்கி வைத்துக்கொண்டு ஃபைலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை ஃபைல்தான். நீங்கள் ஏன் அதை இப்போதே கொடுக்கப் பார்க்கிறீர்கள்?

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். பிரையன் ஸ்கலபிரைன் என்று ஒருவர், பாஸ்டன் அணியில் பெஞ்சுக்கே பேர் போனவர். ஓய்வுக்குப் பிறகு, 2013-ல், "உன்னை நாங்களே ஜெயிப்போம்" என்று கிளம்பிய நான்கு பேரோடு ஒற்றைக்கு ஒற்றை ஆடினார். நான்கு ஆட்டமும் சேர்த்து 44-6 என்று அவர்தான் ஜெயித்தார்.

அடுத்த டோர்னமென்ட்டுக்குத் தம்பியிடம் சொல்லாமலே போங்கள். அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும். வேலந்தாவளத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால் போதும். வார்ம்-அப்பில் எல்லோரும் எறிவார்கள், அப்போது அவனை மட்டும் பாருங்கள். எத்தனை விழுகிறது என்று அம்மாவை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.