ஏஐ தப்பாகப் பதில் சொன்னால் பொறுப்பு யாருடையது?

அதை வாடிக்கையாளர் முன்னால் உட்கார வைத்தவருடையது. கனடாவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள்.

2022 நவம்பரில் பாட்டி இறந்ததால் ஒருவர் அவசரமாக டொரண்டோ போக வேண்டியிருந்தது. துக்கப் பயணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத் தளத்தில் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டிடம் கேட்டார். டிக்கெட் எடுத்த பிறகும் 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. நிறுவனத்தின் விதியோ நேர் எதிர்: பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது.

சாட்பாட்டை நம்பிப் போய்வந்தவருக்குச் சலுகை மறுக்கப்பட, விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே நிறுவனம் வைத்த வாதம்தான் வேடிக்கை. சாட்பாட் தனி ஆள் மாதிரியாம், சொன்னதற்கு அதுவே பொறுப்பாம்! (கூண்டில் ஏற்றியா விசாரிப்பது?) தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது தீர்ப்பாயம். சரியான விதி வேறு பக்கத்தில் இருந்ததே என்ற சமாதானமும் எடுபடவில்லை. ஒரே தளத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பயணிக்கு எப்படித் தெரியும்?

2024 பிப்ரவரியில் வந்த தீர்ப்புப்படி, வட்டியும் வழக்குக் கட்டணமும் சேர்த்து சுமார் 812 கனடிய டாலரை நிறுவனம் அந்தப் பயணிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்றைய சாட்பாட்கள் பல, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துத்தான் வாக்கியம் கோர்க்கின்றன. அதனால் தெரியாததையும் அதே நிதானத்தோடு சொல்லிவிடும். அந்தப் பயணி செய்த ஒரு காரியத்தை நாமும் செய்யலாம். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்.