ஈரி மக்கள் அலைந்து திரிந்தவர்களா?

கேள்வி: அமெரிக்காவின் ஈரி ஏரிக்குப் பெயர் தந்த ஈரி மக்கள், காட்டில் கிடைத்த இலைதழையைத் தின்று அலைந்தவர்கள்தானே? எப்போதோ பூண்டோடு அழிந்துபோனவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

பதில்: அலைந்தவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த ஏரியின் தென்கரையில் மரவேலி அடைத்த ஊர்களில் குடியிருந்த விவசாயிகள் அவர்கள். வேட்டை, மீன்பிடி எல்லாம் உண்டு. ஆனால் வயிற்றை நிரப்பியது வயல்தான்.

ஈரிகளோடு தங்கி வாழ்ந்து எழுதிவைத்த ஐரோப்பியர் யாருமில்லை. ஊர்களைத் தோண்டியபோது கிடைத்தவையும், இரோக்வா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த செனெகா மக்கள் போன்ற உறவினரின் வழக்கங்களுமே நமக்கு ஆதாரம். அதனால், ‘ஈரி மூலிகை’ என்று யாராவது நீளமாகப் பட்டியல் போட்டால் நம்பிவிடாதீர்கள்.

உறுதியாகத் தெரிந்ததே போதுமான அளவு இருக்கிறது. இரோக்வா குடும்பத்து மக்களிடையே வயல் பெண்களின் பொறுப்பு. மண்ணைக் குவித்து மக்காச்சோளம் ஊன்றுவார்கள். அது தலைதூக்கியதும் அதே குவியலில் பீன்ஸ், சுற்றிலும் பூசணி. பீன்ஸ் கொடிக்குச் சோளத்தட்டையே கொழுகொம்பு. பீன்ஸ் வேர் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும். பூசணி இலை களையை அமுக்கி ஈரத்தைக் காக்கும்.

சமையலைப் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய வியப்பு. மக்காச்சோளத்தை மரச்சாம்பல் கலந்த நீரில் வேகவைத்து, தோல் கழன்றதும் கழுவி எடுப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். விதையை மட்டும் வாங்கிப்போன ஐரோப்பா இந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. மக்காச்சோளத்தையே நம்பியிருந்த இத்தாலி, ஸ்பெயின் ஏழைகள், நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோயில் மாண்டார்கள். இலைதழை தின்றவர்கள் என்கிறீர்களே, அந்தப் பெண்களின் அறிவு எப்பேர்ப்பட்டது!

சரி, அழிவுக்கு வருவோம். பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல் வியாபாரப் போட்டியில் மூண்ட போரில், டச்சுக்காரர்களிடம் துப்பாக்கி வாங்கியிருந்த இரோக்வா கூட்டமைப்பு (செனெகா உட்பட ஐந்து குலங்களின் கூட்டணி) 1650-களில் ஈரிகளை முறியடித்தது. ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் பிடிபட்டவர்களில் பலரைச் செனெகா முதலிய குலங்கள் தங்கள் குடும்பங்களில் தத்தெடுத்துக்கொண்டன. அவர்களுடைய வழித்தோன்றல்கள் அந்த மக்களோடு கலந்து இன்றும் இருக்கிறார்கள். அதே ஏரிக்கரையை ஒட்டிய கட்டராகஸ் பகுதி இப்போது செனெகாக்களின் நிலம். வெள்ளை மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரில் வேகவைத்துச் சூப் வைக்கும் பழக்கம் அவர்களிடம் இன்னும் போகவில்லை.