200 நாள்கூடப் பதவியில் இல்லாத ஜேம்ஸ் கார்ஃபீல்டைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவர் சுடப்பட்டு இறந்ததைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்க அதிபர்களின் பட்டியலில் "20ஆவது அதிபர், 1881, கொலை" என்ற ஒரு வரிக்கு மேல் கார்ஃபீல்டுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே கேட்டதில் தவறில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்திவரும் என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. நான் வரலாற்று அறிஞன் அல்லன். அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது பிதாகரஸ் தேற்றம்.

இணையத்தில் பலரும் எழுதுவதுபோல அவர் அதிபராக இருந்தபோது அந்தத் தேற்றத்தை நிறுவவில்லை. பிரதிநிதிகள் அவையின் உறுப்பினராக இருந்தபோது, சக உறுப்பினர்களுடன் பொழுதுபோக்காகக் கணிதம் பேசிக்கொண்டிருந்த வேளையில் அவருக்கு அதன் நிரூபணம் ஒன்று தோன்றியது. 1876 ஏப்ரலில் ஒரு கல்வி இதழில் அச்சானது. அவர் அதிபரானதோ 1881இல்.

வகுப்பில் அதைப் பழைய நாட்காட்டி அட்டையை வெட்டித்தான் காட்டுவேன். பக்கங்கள் 3, 4, 5 கொண்ட இரண்டு செங்கோண முக்கோணங்களை வெட்டி, ஒன்றின் 3 அலகுப் பக்கமும் மற்றொன்றின் 4 அலகுப் பக்கமும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து, செங்கோணங்கள் இரு வெளி ஓரங்களில் அமையுமாறு மேசைமேல் வைக்க வேண்டும். மேலே உள்ள இரண்டு முனைகளையும் கோட்டால் இணைத்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். அதன் இணைப்பக்கங்கள் 3, 4, உயரம் 7, பரப்பு 24.5. அட்டை முக்கோணங்களின் பரப்பு தலா 6. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது நடுவில் இருக்கும் முக்கோணத்தின் 12.5. இரண்டு குறுங்கோணங்கள் சேர்ந்து 90 பாகை ஆவதால் அந்த நடு முக்கோணமும் செங்கோண முக்கோணம்தான். செங்கோணத்தை அடுத்த அதன் இரு பக்கங்களும் நாம் வெட்டிய அட்டைகளின் கர்ணங்கள். எனவே கர்ண வர்க்கத்தின் பாதி 12.5, முழு வர்க்கம் 25, அதாவது 9 கூட்டல் 16. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்தால் எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் இதே வழி பொருந்தும். வடிவொத்த முக்கோணங்கள் என்ற கருத்தே இதற்குத் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி இந்த நிரூபணத்தைத் திருப்புதல் தேர்வில் எழுதினாள். ஐந்து மதிப்பெண் வினா. விடைத்தாள்கள் வேறொரு பள்ளிக்குத் திருத்தப் போயிருந்தன. திரும்பி வந்த தாளில் சரிவகத்தின் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்பு மைக்கோடு கிழிக்கப்பட்டிருந்தது. தேற்றத்தின் கூற்றை எழுதியதற்கு மட்டும் ஒரு மதிப்பெண். படம், பரப்பு, சமன்பாடு என ஒவ்வொரு படியையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. திருத்தியவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "விடைக்குறிப்பில் இல்லாததுக்கு நான் எப்படி சார் மார்க் போடுறது?" என்றார். அந்த மாணவி தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ கார்ஃபீல்டு போட்டதும் தப்பா சார்?" என்று கேட்டாள்.

விடைத்தாள் திருத்துபவர்களின் பணிச்சுமை எனக்குத் தெரியும், நானும் ஆண்டுதோறும் திருத்துகிறேன், ஆகவே யாரும் என்னிடம் அதை விளக்க வர வேண்டாம். சரியான ஒன்றை, அது தன் கையிலுள்ள குறிப்பில் இல்லை என்பதற்காகவே தவறு என்று அடிக்க ஓர் ஆசிரியருக்கு உரிமை இல்லை என்பதே என் நிலைப்பாடு. அந்தக் கோபத்தில்தான் கார்ஃபீல்டின் வாழ்க்கையைத் தேடித்தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1831இல் ஒஹையோவில் ஒரு மரக்குடிலில் பிறந்தவர் அவர். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். பதினாறு வயதில் கால்வாய்ப் படகை இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டினார். காய்ச்சலில் விழுந்து வீடு திரும்பினார். 1851இல் ஹிராம் என்ற ஊரிலிருந்த கல்விக்கூடத்தில் சேர்ந்தபோது, கட்டணத்துக்காக அங்கேயே தரை பெருக்கி, மணி அடிக்கும் வேலை பார்த்தார். பிறகு அங்கேயே பாடம் நடத்தினார். வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பிய அடுத்த ஆண்டே, 1857இல், அந்தக் கல்விக்கூடத்துக்கே தலைவரானார். பெருக்கிய கூடத்தையே ஆறாண்டுக்குள் நிர்வகித்த அந்த ஒரு செய்திக்காகவே அவர் பெயரை என் மாணவர்களிடம் நான் சொல்வேன்.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் போரிட்டு மேஜர் ஜெனரல் ஆனார். 1863 முதல் பதினேழு ஆண்டுகள் பிரதிநிதிகள் அவையில் இருந்தார். அமெரிக்காவில் கூட்டரசு அளவில் கல்விக்கென ஒரு துறை 1867இல் முதன்முதலாகத் தோன்றியதற்குக் காரணமான மசோதாவைக் கொண்டுவந்தவர் இவர்தான். "199 நாள் அதிபர்" என்று எழுதுபவர்கள் இந்தப் பதினேழு ஆண்டுகளை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அவரைக் குறையே இல்லாதவராக நான் காட்டவில்லை. 1872இல் வெடித்த கிரெடிட் மொபிலியர் ரயில்வே ஊழலில், 329 டாலர் பெற்றார் என்று அவர் பெயரும் அடிபட்டது. அவர் மறுத்தார்; ஆனாலும் அந்தக் கறை 1880 தேர்தல்வரை பின்தொடர்ந்தது.

அந்த ஆண்டு அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு அவர் போனது ஜான் ஷெர்மனுக்கு ஆதரவு திரட்டத்தான். கிராண்ட்டும் பிளெய்னும் ஷெர்மனும் மோதி, யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் வாக்கெடுப்பு நீண்டுகொண்டே போனபோது, விஸ்கான்சின் பிரதிநிதிகள் இவர் பெயரைச் சொன்னார்கள். என் இசைவின்றி எனக்கு வாக்களிக்கக் கூடாது என்று எழுந்து மறுப்புத் தெரிவித்தவரை மாநாட்டுத் தலைவர் உட்காரச் சொல்லிவிட்டார். 36ஆவது வாக்கெடுப்பில் இவரே வேட்பாளர் ஆனார். நாடு முழுதும் பதிவான வாக்குகளில் பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

பதவிக்கு வந்ததும் நியூயார்க் சுங்கத்துறைத் தலைவர் பதவிக்குத் தாமே ஆளை நியமித்து, அந்த மாநிலத்தின் செல்வாக்கு மிக்க செனட்டரான கான்க்லிங்கை எதிர்த்து நின்றார். கான்க்லிங் பதவி விலகினார். அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸைத் தலைநகரின் ஆவணப் பதிவாளராக நியமித்தார். இவ்வளவும் நான்கு மாதங்களுக்குள்.

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில், அரசு வேலை கிடைக்காத கிட்டோ என்பவன் அவரைச் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. மற்றொன்று முதுகில் பாய்ந்தது. அந்தக் குண்டு அவரை உடனே கொல்லவில்லை. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1876இலேயே பிலடெல்பியாவுக்கு வந்து, காயத்தைத் தொடும் கையும் கருவியும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்களிடம் விளக்கியிருந்தார். அதாவது கார்ஃபீல்டின் நிரூபணம் அச்சான அதே ஆண்டில். அப்படியிருந்தும் மருத்துவர்கள் அதிபரின் காயத்துக்குள் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் தேடினார்கள். உலோகத்தைக் கண்டறியும் கருவியோடு அலெக்சாண்டர் கிரகாம் பெல் வந்தபோது, தலைமை மருத்துவர் பிளிஸ் உடலின் வலப்பக்கத்தில் மட்டுமே தேட அனுமதித்தார். குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். பிரேதப் பரிசோதனையில் அது இடப்பக்கம் கிடைத்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிவப்பு மைக்கோடுதான் கண்முன் வந்தது. உயிரையும் நான்கு மதிப்பெண்களையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தன் முடிவுக்கு வெளியே விடை இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளாத மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஏறக்குறைய எண்பது நாள் சீழோடும் காய்ச்சலோடும் போராடி, உடல் மெலிந்து, செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சிக் கடற்கரையில் இறந்தார். வயது 49. வேலை கிடைக்காதவன் செய்த இந்தக் கொலையின் எதிரொலியாக, பரிந்துரைக்கு மாறாகத் தேர்வு வைத்து அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் பெண்டில்டன் சட்டம், அவருக்குப் பின் வந்த ஆர்தரின் கையெழுத்தோடு 1883 ஜனவரியில் வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவி பொதுத்தேர்வில் பாடநூலில் உள்ள நிரூபணத்தையே எழுதினாள். எழுதச் சொன்னவன் நான்தான்.