பிரிப்புத் தொட்டியில் அடங்காத எண்ணெய்

கேள்வி: பினாங்கு, பிறை தொழிற்பேட்டையில் சிறிய கடைசல் பட்டறை நடத்தி வருகிறோம். மூன்று அறைகள் கொண்ட எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி இருந்தும் வெளியேறும் நீர் பால்போல் வெளுத்திருக்கிறது. ஆய்வக அறிக்கையில் எண்ணெய், கிரீஸ் அளவு லிட்டருக்கு 46 மில்லிகிராம். தொட்டியைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, அந்தப் பணத்தை இப்போதைக்குச் செலவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் உள்ள ஆலைகளுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமும் மற்ற இடங்களுக்கு 10 மில்லிகிராமும் உச்சவரம்பு. தொட்டி எவ்வளவு பெரிதானாலும், உங்கள் நீரில் உள்ள எண்ணெயை அது இந்த அளவுக்குக் கொண்டுவராது.

பிரிப்புத் தொட்டி, எண்ணெய் தானாக மிதந்து மேலே வருவதை மட்டுமே நம்பி இயங்குகிறது. துளியின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது மேலேறும் வேகம் நூறில் ஒன்றாகக் குறையும். 150 மைக்ரான் துளி ஒரு மீட்டர் ஏறக் கால் மணி நேரம் போதுமென்றால், 15 மைக்ரான் துளிக்கு ஏறக்குறைய ஒரு நாள் தேவை. வெட்டும் கருவியைக் குளிர்விக்க நீரில் கலந்து பயன்படுத்தும் கூலண்டில் உள்ள எண்ணெய்த் துளிகளோ அதைவிடவும் நுண்ணியவை; பிரியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அதில் எண்ணெயை நீரோடு கலந்தே வைத்திருக்கும் குழம்பாக்கிகளைச் சேர்த்து விற்கிறார்கள். தரை கழுவும் சோப்புக் கரைசலும் அதே வேலையைச் செய்கிறது. குழியிலிருந்து நீரை இறைக்கும் மையவிலக்கு பம்ப், மிதக்கக்கூடிய எண்ணெயையும் அடித்து நொறுக்கிவிடும்.

உறுதிசெய்துகொள்ள, கழிவுநீரைக் கண்ணாடிப் போத்தலில் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் சேர்ந்து கீழே நீர் தெளிந்தால் குறை தொட்டியில்தான்: நீர் வேகமாக ஓடுகிறது, அல்லது கூரை மழைநீர் அதற்குள் விழுகிறது. பிந்தையதை நம் ஊர் மழையில் அடிக்கடி காணலாம். காலையிலும் நீர் வெளுத்தே இருந்தால், அது குழம்பிய எண்ணெய்.

அப்படியானால் பழைய கூலண்டைக் கால்வாய்க்கு விடாமல் தனித் தோம்பில் சேகரிப்பதே முதல் வேலை. எண்ணெய்-நீர்க் குழம்பு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் எஸ்டபிள்யூ 307 என்ற குறியீடு கொண்ட அட்டவணைக் கழிவு, அதாவது பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தப்படும் அபாயக் கழிவு. முத்திரைச்சீட்டு ஒட்டி, அதிகபட்சம் 180 நாள்களுக்குள் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். சிறு பட்டறைகளுக்கு, சொந்தமாகச் சுத்திகரிப்பு அமைப்பதைவிட இதுவே பெரும்பாலும் மலிவு என்பது என் கருத்து.

இத்தகைய கழிவுநீர் தினமும் பெருமளவில் வந்தால், அமிலமோ படிகாரமோ சேர்த்துக் குழம்பை உடைத்து, காற்றுக் கரைத்த நீரின் நுண்குமிழிகளால் எண்ணெய்த் திரள்களை மிதக்கவிட்டு வழிக்கலாம். எவ்வளவு மருந்து என்பதைச் சிறு குடுவைகளில் சோதித்த பிறகே முடிவுசெய்ய வேண்டும். வழித்தெடுத்த கசடும் அட்டவணைக் கழிவுதான். நல்ல நீரைக் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவதை விதிமுறைகள் தடைசெய்கின்றன.

அடுத்த மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் நேரடியாகப் பிடியுங்கள். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் அளவு குறைவாகக் காட்டும். அதே காரணத்தால், பிடித்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றவும் கூடாது.